சண்முகவடிவின் கட்டைக்குரல்

தி. நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு நான்கு மாடி ஜவுளிக்கடையில் பதினொரு வருஷம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்னவள் சண்முகவடிவு. அவளுடைய இடம் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் ஒரு சின்ன அறை. அதில் ஒரு மைக், ஒரு முக்காலி, தூசி படிந்த ஒரு மின்விசிறி. சிவப்புச் சட்டை போட்ட மூன்று வயதுக் குழந்தை கீழ்த்தளத்தில் அழுதுகொண்டிருக்கிறது, பேர் கேட்டால் பாப்பு என்கிறது, பெற்றோர் உடனே வரவும் என்று அவள் சொன்னால், அழுகிற குழந்தையே ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு மேலே பார்க்குமாம். மெல்லிசான, இனிப்பான குரல். கூட்டத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள், பேசுவது பதினெட்டு வயதுப் பெண் என்று நினைத்தார்கள். வடிவுக்கு அப்போது முப்பத்தேழு.

அவள் கணவன் அய்யாதுரைக்கும் அதே கடையில்தான் வேலை, மூன்றாவது மாடி வேட்டிப் பிரிவில். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இருவரும் ஒன்றாக வந்து கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் குடியேறியவர்கள். தீபிகா என்று ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. அய்யாதுரை அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அவள் மைக் பிடித்த புதிதில் சொன்ன ஒன்றை வருஷத்துக்கு ஒரு தடவையாவது திரும்பச் சொல்வான்.

"ஸ்பீக்கர்ல உன் குரல் வந்தா, வேட்டி மடிக்குத கை தன்னால நின்னுருது."

தொண்ணூற்றைந்து தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் கடையில் கால் வைக்க இடமில்லை. காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை வடிவு பேசினாள். கடைசி வாரம் குரலில் மணல் விழுந்த மாதிரி ஒரு கரகரப்பு. வெந்நீர் குடித்தாள், பனங்கற்கண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். தீபாவளிக்கு மறுநாள் காலை, தீபிகாவை எழுப்ப வாயைத் திறந்தபோது காற்று மட்டும்தான் வந்தது.

ஆழ்வார்பேட்டையில் தன் வீட்டு மாடியில் ஒரு தொண்டை மருத்துவர் அவள் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரண்டு பக்கமும் காய்ப்புக் காய்த்திருக்கிறது என்றார். கடப்பாரை பிடிக்கிற கையில் காய்க்குமே, அந்த மாதிரி. இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. அதற்குப் பிறகு, அதே மாடியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் வர வேண்டும்.

கடையில் விடுப்புக் கிடைத்தது. தீபிகா தன்னுடைய பழைய அறிவியல் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைத் தைத்து, பென்சில் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தந்தாள். வடிவு அதில்தான் பேசினாள். அய்யாதுரைக்கு அவள் எழுதியதைச் சத்தமாக வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டது. "எதுனாலும் சரி," என்று வாசித்துவிட்டு, "அப்பம் கத்தரிக்காயே வாங்கிட்டு வாரேன்," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புவான்.

பதினான்காம் நாள், மருத்துவர் வீட்டு மாடியில் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் வடிவு. உள்ளே யாரோ ஒரு பெரியவர் ஆ, ஊ என்று பயிற்சி செய்துகொண்டிருந்தார். பொழுது போகாமல் நோட்டை முதலிலிருந்து புரட்டினாள். தான் பேசியதையெல்லாம் இப்படி ஒரே இடத்தில் இதற்கு முன்பு அவள் பார்த்ததில்லை. பேச்சு வாயைவிட்டுப் போனால் போய்விடும். இதில் எல்லாம் அப்படியே இருந்தது.

‘பரவாயில்ல.’ ‘உங்க இஷ்டம்.’ ‘எதுனாலும் சரி.’ ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம்.’ ‘கேட்டுச் சொல்லுதேன்.’ ‘பரவாயில்ல.’ மறுபடியும் ‘பரவாயில்ல.’

தனக்கு ஒன்று வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறோமா என்று தேடினாள். நாற்பது பக்கத்தில் ஒரே ஒரு இடம் கிடைத்தது: ‘தண்ணி வேணும்.’ அதற்குப் பக்கத்தில் அடைப்புக் குறிக்குள், ‘இப்பம் இல்லன்னாலும் சரி.’

சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. ‘தீபி, மெல்லப் பேசு.’ மூன்று பக்கம் தள்ளி, ‘மெல்லப் பேசு.’ அதற்கு அடுத்த பக்கத்தில், பென்சிலை அழுத்தி, ‘பக்கத்து வீட்டுக்குக் கேக்கு. மெல்ல.’ எண்ணினாள். பதினேழு தடவை. பேச வாயில்லாத நாட்களிலும் மகளிடம் இதை எழுதிக் காட்டியிருக்கிறாள். தீபிகா அப்படி என்ன கத்தினாள் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் குரலே கொஞ்சம் கனமானது. அவ்வளவுதான்.

"சண்முகவடிவு, வாங்கோ," என்று கதவைத் திறந்தாள் ஹம்சினி. மயிலாப்பூர்ப் பெண், இருபத்தாறு இருபத்தேழு வயது, மூக்கில் ஒற்றைக் கல். வடிவை எதிரே உட்கார வைத்து, ஒரு கையை அவள் நெஞ்சின் மேலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"ஒண்ணும் பேச வேண்டாம். நான் ஏதாவது சொல்றேன், நீங்க ஆமாங்கறதுக்கு ‘ம்ம்’ கொட்டுங்கோ. யோசிக்கப்படாது. உங்களுக்கு ஒரு பொண்ணுதானே?"

"ம்ம்."

"கோட்டூர்புரத்துலேந்து வரேள்."

"ம்ம்."

"கொசு ஜாஸ்தி அங்க."

"ம்ம்."

நெஞ்சில் வைத்திருந்த கைக்குக் கீழே ஏதோ அதிர்ந்தது. வடிவு கையை எடுத்துவிட்டாள்.

"பயப்படாதீங்கோ. கைய வைங்கோ. இந்த ‘ம்ம்’ எங்கேந்து வருதோ அதான் உங்க குரல் இருக்கற இடம். இப்ப அதே இடத்துலேந்து உங்க பேரச் சொல்லுங்கோ."

"சண்முகவடிவு," என்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. அறையில் வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. தாழ்ந்த, கனமான குரல். ஊரில் வயல் வரப்பில் நின்று ஆளைக் கூப்பிடும் அவள் அப்பாவின் குரல்.

ஹம்சினி சாதாரணமாகத்தான் கேட்டாள். "இவ்ளோ நாள் எதுக்கு அவ்ளோ மேல தூக்கி வெச்சுண்டு பேசினேள்? அதான் காய்ச்சிருக்கு. யாராவது சொல்லிக் குடுத்தாளா?"

பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிற பிள்ளையாக இருந்தது வடிவுக்கு நினைவு வந்தது. மைக் வேண்டாம், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். பதினான்கு வயதில் ஒரு நாள் அடுப்படியில் நின்று அம்மா சொன்னாள்: ‘ஏட்டி, என்ன ஆம்பளையாட்டம் பேசுத? நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போக வேண்டாமா? மெல்லப் பேசு.’ அன்றிலிருந்து குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, சன்னமாக்கி, யாரும் பார்க்காதபோது கொல்லையில் பேசிப் பழகினாள். அய்யாதுரை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, என்னம்மா படிச்சிருக்க என்று கேட்டதற்கு அந்தக் குரலில்தான் பதில் சொன்னாள். பிள்ளைக்குத் தேன் மாதிரிக் குரல் என்று எல்லோரும் மகிழ்ந்துபோனார்கள். அப்புறம் அதைக் கழற்றி வைக்க நேரமே வரவில்லை. தீபிகா பிறந்தபோது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கத்தினால் கட்டைக்குரல் வெளியே வந்துவிடுமே என்று பயந்தது நினைவு வந்தது. அந்த வலியிலும் அந்தப் பயம் இருந்திருக்கிறது.

நாளாக நாளாக அவளுக்கே அது தன் குரல் என்று ஆகிப்போனது. கீழே ஒன்று இருந்ததை மறந்தே விட்டாள்.

அடுத்த பத்து நாளும் பயிற்சிக்குப் போனாள். ஹம்சினியோடு அந்தத் தாழ்ந்த குரலில் செய்தித்தாள் வாசித்தாள். சமையல் குறிப்பு வாசித்தாள். ஒரு நாள் ஹம்சினியின் மேஜை மேல் இருந்த மின்சார வாரிய ரசீதைக்கூட வாசித்தாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். தொண்டையில் ஒரு உறுத்தல் இல்லை. எவ்வளவு நேரம் பேசினாலும் வலிக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலை மிதித்ததும் நோட்டையும் பென்சிலையும் எடுத்துவிடுவாள்.

தீபிகாவுக்குப் பயந்து அல்ல. அய்யாதுரைக்காக. வேட்டி மடிக்கிற கை நின்றுபோனது அந்தக் குரலுக்கு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவன் தலையாட்டியது அந்தக் குரலுக்கு. இப்போது இதைக் கேட்டால், தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைப்பானோ என்று பயந்தாள்.

அய்யாதுரையும் நாட்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தான். டாக்டர் சொன்ன கெடு தாண்டிவிட்டது. வடிவு இன்னும் எழுதித்தான் காட்டுகிறாள். இனி இவளுக்குப் பேச்சே வராதோ என்ற பயத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், ஒரு புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்குப் போனான். சட்டைப் பையில் இருந்த கடைப் பேனாவைக்கூட எடுத்து வைக்காமல் வந்து, மாடிப்படியில் மூச்சு வாங்க நின்று, வடிவுக்கு இனிப் பேச்சு வருமா என்று கேட்டவனைப் பார்த்து ஹம்சினிக்குப் புரியவில்லை.

"நன்னாப் பேசறாளே. பத்து நாளாச்சே. நீங்க கேக்கலையா?"

அவன் கும்பிட்டுவிட்டு இறங்கினான். கடைக்கு வந்து வேலையைப் பார்த்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். வியாழன், வெள்ளி, சனி என்று அதை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தான். அவள் நோட்டை நீட்டினால் வாங்கி, மனதுக்குள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். சத்தமாக வாசிப்பது நின்றுவிட்டதை வடிவு கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். போர்வையின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் பிடித்துப் பிழிந்தார்கள். அதைக் கொடியில் போட்டு இழுத்துவிட்டுக்கொண்டே, அந்தப் பக்கம் நின்ற அவள் முகத்தைப் பார்க்காமல் அய்யாதுரை கேட்டான்.

"எங்கிட்ட மட்டும் பேச மாட்டியோ?"

போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வடிவு நோட்டைத் தேடவில்லை. அது கீழே இருந்தது.

"பேசுதேன்," என்றாள்.

அவன் போர்வையை விலக்கி, யார் என்று பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"இதான் என் குரல். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீங்க கேட்டது என் குரல் இல்ல. அம்மா சொன்னான்னு மாத்திக்கிட்டேன். மாத்தினதே மறந்துபோச்சு. வேணும்னு உங்கள ஏமாத்தல."

இவ்வளவு நீளமாக அவள் தன்னைப் பற்றிப் பேசி அவன் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கொடியில் கிளிப் மாட்டினான்.

"உங்க அய்யா பேசுத மாதிரியே இருக்கு," என்றான்.

"தெரியும்."

"எனக்குப் பழகணும், வடிவு. உடனே வராது."

பரவாயில்ல என்று சொல்ல வாய் வந்தது. அதை விட்டுவிட்டு, "பழகிக்கிடுங்க," என்றாள்.

அதைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் மட்டும் கடையில என் குரல்லயா பேசுதேன்? ‘வாங்க சார், பாருங்க சார்’னு காலையில போட்டா ராத்திரிதான் கழட்டுதேன். எனக்குக் காய்ப்புக் காய்க்கல, அவ்வளவுதான்." பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, "பேச்சே வராதுன்னு நெனச்சேன். நீ பேசுதன்னு ஆழ்வார்பேட்டையில கேட்டதுலேர்ந்து நாலு நாளாத் தூக்கமில்ல," என்று படியைப் பார்த்துச் சொன்னான். வடிவு அவன் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் வெயில் ஏறும் வரை அங்கேயே நின்றிருந்தார்கள்.

தீபிகாவுக்குப் பழக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "அம்மா, நீ நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்க," என்றாள், இட்லியை விழுங்கிக்கொண்டே. வடிவு அறிவியல் நோட்டை எடுத்து வந்து, அந்தப் பதினேழு இடத்தையும் மகளுக்குக் காட்டினாள்.

"இனிமே இத சொல்ல மாட்டேன்."

"மறந்து சொல்லிட்டா?"

"ஞாபகப்படுத்து."

தீபிகா ஞாபகப்படுத்தத்தான் வேண்டியிருந்தது. அந்த வாரத்திலேயே நான்கு தடவை.

கடை அவ்வளவு எளிதாக இல்லை. மேலாளர் கோதண்டபாணி கெட்டவர் அல்ல. அவளுக்கு விடுப்பு வாங்கித் தந்ததே அவர்தான். முதல் நாள் மைக் அறைக் கதவில் கையை ஊன்றி நின்று கேட்டார். வடிவு தன் குரலில் ஒரு அறிவிப்புச் சொன்னாள். வெளியே இரண்டு மூன்று பேர் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இது சரிப்படாதும்மா. ஏதோ துக்கச் செய்தி சொல்ற மாதிரி இருக்கு. பண்டிகைக்குத் துணி எடுக்க வர்றவங்க. பழைய குரலையே போடேன். ரெண்டு ரெண்டு நிமிஷம்தானே?"

போட்டுப் பார்த்தாள். ‘வாடிக்கையாளர்களுக்கு அன்பான வணக்கம்’ என்று பழைய குரலில் ஆரம்பித்தாள். அது வந்தது. எங்கேயும் போகவில்லை, கூப்பிட்ட உடன் ஓடி வந்தது. கூடவே தொண்டையில் அந்தப் பழைய கிள்ளலும். இத்தனை வருஷமாக அந்தக் கிள்ளலைத்தான் பேசுவது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பாதி வாக்கியத்தில் சுவிட்சை அணைத்தாள்.

"முடியாது, சார்."

கோதண்டபாணி அவளைப் பார்த்தார். அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. ஏன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. "அப்ப மாடிக்குப் போய்டுங்க. பட்டு செக்‌ஷன்ல ஆள் கம்மி," என்றார்.

மைக்குக்குச் செண்பகம் என்ற புதுப் பெண் வந்தாள். வடிவுக்கு அது வலிக்கத்தான் செய்தது. முதல் சில நாள், குழந்தை காணவில்லை என்ற அறிவிப்பு வந்தால் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். அந்தக் குழந்தைகளைத் தன் முக்காலியில் உட்கார வைத்து, அம்மா வரும் வரை ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து வைத்திருந்தவள் அவள். அது இனி இல்லை. பதினொரு வருஷமாக ஊரே கேட்ட குரல் ஒரே நாளில் மறந்துபோயிற்று. யாரும் எங்கே அந்தப் பெண் என்று கேட்கவில்லை. அதையும் அவள் ஒரு மாதிரி வியப்போடுதான் பார்த்தாள். இவ்வளவுக்காகவா அதைக் கட்டிக் காத்தோம்?

பட்டுப் பிரிவில் அவளைத் தேடிச் சிலர் வர ஆரம்பித்தார்கள். இந்த நிறம் உங்களுக்கு எடுக்காதும்மா என்று அந்தக் கனத்த குரலில் அவள் சொன்னால், அதில் விற்கிற தந்திரம் எதுவும் இல்லை என்று கேட்டவர்களுக்குத் தோன்றியது. ஒரு முறை கல்யாணப் பெண் ஒருத்தியைச் சுற்றி உட்கார்ந்து அத்தை, சித்தி எல்லோரும் ஆளுக்கொரு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடியபோது, வடிவு எல்லோர் பேச்சையும் தாண்டி அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: "உனக்கு எதும்மா பிடிச்சிருக்கு?" பெண் திகைத்துப்போய், "எதுனாலும் சரிக்கா," என்றாள். வடிவு விடவில்லை. பெண் கடைசியில் கிளிப்பச்சையைத் தொட்டாள். அத்தைகள் சம்மதிக்கவில்லை, அரக்குதான் எடுத்தார்கள். ஆனால் போகும்போது அந்தப் பெண் திரும்பி வடிவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

பொங்கலன்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊரில் பக்கத்து வீட்டுக்குப் பேசி அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"யாரு, மாப்ளையா?" என்றாள் அம்மா.

"நாந்தாம்மா. வடிவு."

"சளி பிடிச்சிருக்கா?"

"இல்ல. இதான் என் குரல்."

அந்தப் பக்கம் ஆடு ஒன்று கத்துவது கேட்டது.

"மாப்ள என்ன சொல்லுதாரு?"

"பழகிட்டு இருக்காரு."

அம்மா மூச்சு விட்டாள். "சின்னதுல நீ வாசிச்சா தெருமுக்கு வரைக்கும் கேக்கும். எனக்கு ஆசையாத்தான் இருக்கும், வடிவு. பயமாவும் இருக்கும். எனக்கு அன்னைக்கு வேற என்னட்டி தெரியும்?"

அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கோபம் ஒன்று வடிவிடம் இருந்தது. அந்த நேரத்தில் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பொங்கல் பொங்கிருச்சா என்று கேட்டாள். பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று அம்மா விவரமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

மார்ச் மாதம் ஒரு காலை. கடையில் புதுச் சரக்கு இறக்க வேண்டியிருந்ததால் அய்யாதுரை முன்னமே சைக்கிளில் போய்விட்டான். வடிவு தனியாகக் கோட்டூர்புரம் நிறுத்தத்தில் நின்றாள். பஸ் வந்து, நிறுத்தத்தில் நிற்காமல், இருபதடி தள்ளி ஒரு நொடி தயங்கிவிட்டுக் கிளம்பியது. நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். இப்படி ஓடுகிற நாளில் எல்லாம் அவள் வேகம் குறைத்து, அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று நின்றுவிடுவது வழக்கம். இன்று நிற்கவில்லை.

"ஓல்டான்!"

பஸ்ஸை நிறுத்தக் கண்டக்டர்கள் போடுகிற சத்தம், நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. எதிர்ச் சாரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் குலுங்கி நின்றது. கண்டக்டர் பின்படியில் தலையை நீட்டி, கூட்டத்தில் ஆம்பளையைத் தேடினார்.

"யாருப்பா கொரல் குடுத்தது?"

"நாந்தான்," என்றாள் வடிவு, படியில் ஏறிக்கொண்டே.

"இன்னாமா, நீயா? நான் செக்கருதான் ஏறப் போறாருன்னு பயந்துக்கினேன். உள்ள போ, உள்ள போ."

வடிவுக்கும் சிரிப்புத்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் ஓடி வந்த இரண்டு பெண்களுக்குக் கை கொடுத்து ஏற்றினாள். அதில் ஒருத்தி, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கியபடி, "தேங்க்ஸ்க்கா. இல்லன்னா போய்ட்டிருப்பான்," என்றாள்.

"பாண்டி பஜார் ஒண்ணு," என்று வடிவு கண்டக்டரிடம் சொன்னாள்.